கனடாவின் முதல் தமிழ் எம்.பி. வென்ற தொகுதி இப்போது எங்கே போனது?

கேள்வி இதுதான்: ராதிகா சிற்சபைஈசன் 2011இல் வென்ற தொகுதி எது, இன்றைய தேர்தல் வரைபடத்தில் அந்தப் பெயரைக் காணவில்லையே, ஏன்? முதல் பாதிக்கு ஒரு வரி போதும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் இருந்த ஸ்காபரோ ரூஜ் ரிவர். இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தத் தொகுதியில் பல வருடங்கள் வாக்குப் போட்டவன் நான். அது இல்லாமல் போனபோது எங்கள் ஆட்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவின் வடக்கு ஓரம். மேலே ஸ்டீல்ஸ் அவென்யூ, அதைத் தாண்டினால் மார்க்கம் நகரம். கீழே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை. கிழக்கே ரூஜ் ஆறும் அதை ஒட்டிய காடும். மல்வேர்ன், மில்லிக்கன் போன்ற குடியிருப்புகள் இதற்குள்தான் இருந்தன. தமிழர், சீனர், கரீபியர், பஞ்சாபியர், பிலிப்பினோக்கள் என்று எல்லோரும் ஒரே பஸ்ஸில் போய் வரும் இடம். வந்து குடியேறியவர்கள்தான் இங்கே பெரும்பான்மை.

தொகுதி 1987இல் வரையப்பட்டது. அதுவரை யோர்க் ஸ்காபரோ, ஸ்காபரோ கிழக்கு என்ற பழைய தொகுதிகளுக்குள் கிடந்த நிலம். வயல்வெளிகள் வீடுகளாக மாறி மக்கள் பெருகியதால் புதிதாக ஒன்றை வெட்டி எடுத்தார்கள். முதல் தேர்தல் 1988இல். அமெரிக்காவுடன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்று நாடே கொதித்த தேர்தல் அது. பிரையன் மல்ரோனியின் கட்சி நாட்டை வென்றது, ஆனால் இந்தப் புதுத் தொகுதியை லிபரல் கட்சியின் டெரெக் லீ என்ற சட்டத்தரணி பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை. 1993, 1997, 2000, 2004, 2006, 2008 என்று மொத்தம் ஏழு தேர்தல்கள். கட்சி நாடு முழுவதும் சரிந்த 2008இல் கூட இங்கே பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அவருக்கு விழுந்தன.

டெரெக் லீயை எங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள். ராதிகாவுக்கு முன்னால் இருந்த "யாரோ ஒரு வெள்ளைக்காரர்" என்றே அவரைப் பற்றிக் கதைக்கிறார்கள். அது நியாயமில்லை. நாடாளுமன்றத்துக்கு ஆட்களையும் ஆவணங்களையும் தன் முன் வரவழைக்கும் அதிகாரம் உண்டு. அந்த ஒரு அதிகாரத்தைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் அவர். அந்தப் படிப்பு 2010இல் பயன்பட்டது. ஆப்கானிஸ்தானில் கனடியப் படையினர் பிடித்து அங்குள்ள அதிகாரிகளிடம் கையளித்த கைதிகள் பற்றிய ஆவணங்களை நாடாளுமன்றம் கேட்டது. ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு தர மறுத்தது. இது நாடாளுமன்றத்தின் உரிமையை மீறும் செயல் என்று 2010 மார்ச்சில் எழுந்து பிரச்சினை கிளப்பிய எதிர்க்கட்சி உறுப்பினர்களில் டெரெக் லீ முக்கியமானவர். ஏப்ரல் 27ஆம் தேதி சபாநாயகர் பீட்டர் மில்லிக்கன் தீர்ப்புச் சொன்னார்: ஆவணங்களைக் கேட்கும் உரிமை சபைக்கு உண்டு, அரசு மறுக்க முடியாது. கனடாவின் நாடாளுமன்ற வரலாற்றில் பெரிய தீர்ப்புகளில் ஒன்று அது. அந்த வாதத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் ஒருவர் எங்கள் தொகுதிக்காரர். கைதிகளுக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லாத நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த தொகுதி இது. அதனால்தான் அந்தச் செய்தி எனக்கு இவ்வளவு நெருக்கமாகப்பட்டது.

2011 தேர்தலில் அவர் நிற்கவில்லை. கதவு திறந்தது.

அந்த நேரத்து மனநிலையைச் சொல்லாமல் ராதிகாவின் வெற்றியைச் சொல்ல முடியாது. 2009இல் வன்னியில் போர் முடியும் நாட்களில் ரொறன்ரோத் தமிழர்கள் வீதிக்கு வந்தார்கள். மே 10ஆம் தேதி கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த தாய்மாரும் அதில் இருந்தார்கள். ஒட்டாவாவில் நாடாளுமன்றத்தின் முன்னால் நாள் கணக்கில் நின்றார்கள். 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பல் அடைக்கலம் தேடிய இலங்கைத் தமிழர் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து சேர்ந்தது. தொலைக்காட்சியில் "சட்டவிரோதம்", "பயங்கரவாதம்" என்ற சொற்கள் எந்த நேரமும் ஓடின. எங்களுக்காகச் சபைக்குள் எழுந்து நின்று கதைக்க எங்களில் ஒருவர் இல்லையே என்ற ஏக்கம் வீட்டுக்கு வீடு இருந்தது.

ராதிகா யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் கனடாவுக்கு வந்தவர். புதிய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர். அப்போது வயது முப்பதைக் கூடத் தொடவில்லை.

தேர்தலுக்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கனடாவில் வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது. யானையோ வீடோ பார்த்துப் புள்ளடி போட்டுப் பழகிய அம்மாவுக்கு இது எப்போதும் சிரமம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் பெயர்கள், அருகில் கட்சியின் பெயர், பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம். பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் வரும். அம்மா "ரா" என்று தொடங்கும் பெயரைத் தேடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இல்லையம்மா, "எஸ்" எழுத்தில் பாருங்கள் என்றேன். அதிலும் ஒரு சிக்கல்: லிபரல் வேட்பாளர் ராணா சர்க்காரின் பெயரும் "எஸ்" எழுத்தில்தான் தொடங்கும். கடைசியில் ஒரு மின்கட்டணக் கடித உறையின் பின்பக்கத்தில் சிற்சபைஈசன் என்ற பெயரைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதிக் கொடுத்தேன். அம்மா எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பன்னிரண்டு. இவ்வளவு நீளப் பெயர் வேறு யாருக்கும் இருக்காது" என்று சொல்லிவிட்டு உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

மே 2ஆம் தேதி. முடிவு வந்தபோது ராதிகாவுக்குச் சுமார் 40 சதவீத வாக்குகள். இரண்டாவது கொன்சர்வேட்டிவ் கட்சியின் மார்லீன் கல்யோட். 23 வருடம் தொகுதியை வைத்திருந்த லிபரல் கட்சி மூன்றாம் இடம். 2008இல் மூன்றாவதாக இருந்த கட்சி முதலாவதாக வந்தது.

சரி, இது முழுக்கத் தமிழர் வாக்கால் வந்த வெற்றியா? எங்கள் கூட்டங்களில் அப்படித்தான் சொல்வார்கள். என் கருத்து வேறு. தமிழர்கள் கட்சி பார்க்காமல் திரண்டது உண்மை. முதன்முறையாக வாக்குப் போட்ட வயதானவர்களை நான் கண்ணால் கண்டேன். ஆனால் அன்று ஜக் லேட்டனின் தலைமையில் புதிய ஜனநாயகக் கட்சி 103 இடங்களை வென்று முதல்முறையாகப் பிரதான எதிர்க்கட்சி ஆனது. தமிழ் வேட்பாளரை நிறுத்தாத ஸ்காபரோ தென்மேற்கிலும் அதே கட்சி வென்றது. லிபரல் கட்சி நாடு முழுக்க 34 இடங்களாகச் சுருங்கியது. அலையும் வந்தது, ஆட்களும் திரண்டார்கள், பழைய உறுப்பினரும் விலகினார். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த 40 சதவீதம் வந்திருக்காது. இதைச் சொன்னால் ராதிகாவின் வெற்றியைக் குறைத்துச் சொல்வதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். நான் குறைக்கவில்லை. வாய்ப்பு வந்த நேரத்தில் தயாராக நின்றது அவருடைய உழைப்பு.

இனித் தொகுதி காணாமல் போன கதை. கனடாவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை, குடிசனக் கணக்கெடுப்பு முடிந்ததும், ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூன்று பேர் கொண்ட சுயாதீன ஆணைக்குழு அமைப்பார்கள். வழக்கமாக ஒரு நீதிபதி தலைமை தாங்குவார். அவர்கள் எல்லைகளைத் திரும்ப வரைவார்கள். 2011 கணக்கெடுப்பின் பின்னால் நாடாளுமன்ற இடங்கள் 308இலிருந்து 338 ஆயின. அந்த வேலையில் ஸ்காபரோ ரூஜ் ரிவர் கலைக்கப்பட்டது. பெரும்பகுதி ஸ்காபரோ வடக்கு என்ற புதிய தொகுதிக்குப் போனது. கிழக்குப் பக்கம் உடைந்து, பிக்கரிங் ஸ்காபரோ கிழக்கு, ஸ்காபரோ கில்ட்வுட் ஆகியவற்றின் துண்டுகளோடு சேர்ந்து ஸ்காபரோ ரூஜ் பார்க் ஆனது. யாரையும் குறிவைத்துச் செய்த வேலை இல்லை இது. ஆனால் விளைவு பெரியது.

2015இல் ராதிகா ஸ்காபரோ வடக்கில் நின்றார். அங்கே ரொறன்ரோ கல்விச் சபையின் முன்னாள் தலைவர் ஷான் சென் லிபரல் வேட்பாளராக வந்தார். அது ட்ரூடோ அலை அடித்த வருடம். ஜக் லேட்டன் 2011 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். ராதிகா மூன்றாம் இடத்துக்குப் போனார். ஷான் சென் இன்றுவரை அங்கே உறுப்பினர். பழைய தொகுதியின் நேரடி வாரிசு எது என்று கேட்டால், நிலக்கணக்கில் ஸ்காபரோ வடக்குதான்.

ஆனால் கதை பக்கத்துத் துண்டில் தொடர்ந்தது. அதே 2015இல் ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரி சுமார் 60 சதவீத வாக்குகளோடு வென்றார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் வீ. ஆனந்தசங்கரியின் மகன், சட்டத்தரணி. அவரை எதிர்த்து நின்ற கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் லெஸ்லின் லூயிஸ். பிறகு 2020இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு நாடு முழுவதும் தெரியவந்த அதே லூயிஸ்தான். ஹரி கொண்டுவந்த பிரேரணையால் 2016 அக்டோபரில் ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்களாக மத்திய அளவில் ஏற்கப்பட்டது. அதற்கான முயற்சியை முன்னரே தொடங்கியவர் ராதிகா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்சி வேறு என்பதற்காக அதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 மே 18 அன்று, அந்த நாளைத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்கும் பிரேரணையைச் சபை ஏகமனதாக நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவரும் ஹரி. 2023 ஜூலையில் அமைச்சரானார். 2025 மே மாதம் மார்க் கார்னியின் அமைச்சரவையில் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பு அவரிடம் வந்தது. 2010இல் சன் சீயில் வந்தவர்களை நாட்டுக்கு ஆபத்தானவர்கள் என்று ஒரு அமைச்சர் சொல்லக் கேட்டவன் நான். அந்த அமைச்சர் பதவிக்கு யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட ஒருவர் வந்தார் என்ற செய்தியை அன்று இரண்டு தரம் வாசித்தேன்.

இடையில் ஒரு சின்னக் குழப்பம். மாகாணத் தொகுதியாக ஸ்காபரோ ரூஜ் ரிவர் 2018 வரைக்கும் உயிரோடு இருந்தது. ஆகவே மூன்று வருடம் ஒரே வீட்டுக்கு ஒட்டாவா ஒரு பெயரும் ஒன்ராறியோ இன்னொரு பெயரும் வைத்திருந்தன. 2016 செப்டம்பர் 1 அன்று அங்கே மாகாண இடைத்தேர்தல் நடந்தது. லிபரலும் புதிய ஜனநாயகக் கட்சியும் தமிழரை நிறுத்தின: பிரகல் திரு, நீதன் சண். இருவரும் தோற்றார்கள். வென்றவர் கொன்சர்வேட்டிவ் கட்சியின் றேமண்ட் சோ, கொரியாவிலிருந்து வந்தவர், எண்பதை நெருங்கிய வயது. இதே பெயருள்ள மத்திய தொகுதியின் முதல் தேர்தலில், 1988இல், புதிய ஜனநாயகக் கட்சிக்காக நின்று தோற்றவரும் அவரே. மாநகர சபையில் அவர் விட்டுப்போன இடத்தை அடுத்த பிப்ரவரியில் நீதன் சண் பிடித்தார். "தமிழ் வாக்கு பிரிந்ததால் தோற்றோம்" என்று அன்று எல்லோரும் புலம்பினார்கள். சோ இந்த வீதிகளில் கால் நூற்றாண்டு கதவு தட்டியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2025 தேர்தலுக்கு முன் எல்லைகள் மறுபடி மாறின. இடங்கள் 343. ரூஜ் பார்க்கும் தனிப்பெயராக இல்லை, ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க் என்று நீண்டுவிட்டது. அதே தேர்தலில் கிழக்கே பிக்கரிங் புரூக்லினில் யுவனிதா நாதன் வென்றார். ஸ்காபரோவிலிருந்து வீடு மாறிப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பக்கம் அது.

அடுத்த எல்லை வரைதல் 2031 கணக்கெடுப்பின் பின்னால் வரும். ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும், கடிதம் எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம், அதற்குக் கட்சியோ பதவியோ தேவையில்லை. 2012இல் எங்கள் தொகுதியைக் கலைக்கும்போது நான் போகவில்லை, அப்படி ஒரு விசாரணை நடப்பதே தெரியாமல் இருந்தேன். இந்தமுறை போவேன். அம்மாவின் கைப்பையில் இருந்த அந்தக் கடித உறை இன்னும் வீட்டில் இருக்கிறது.