திரையில் 110, கம்பி மேல் எவ்வளவு? புது பெல்லட் கிரில்லின் சூட்டைச் சோதிக்கும் முறை

கேள்வி: அமெரிக்காவில் இருந்து ஊர் திரும்பிய மகன், புது பெல்லட் கிரில் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளான பெல்லட்டுகளை எரித்துக் கறி சுடும் மின் அடுப்பு) ஒன்றைச் சாமான்களோடு கொண்டுவந்திருக்கிறான். 120 வோல்ட் மெஷின் என்பதால் வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, மதுரை திருநகர் வீட்டு மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தோம். திரையில் 110 டிகிரி செல்சியஸ். மூடியில் இருக்கும் முள் 90-ஐக் காட்டுகிறது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்தால் 126. மூன்றில் எதை நம்புவது? சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மைத்துனர். வரும் ஞாயிற்றுக்கிழமை முழு ஆட்டுத்தொடை போடலாம் என்று இருக்கிறோம்.

பதில்: கன்ட்ரோலரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் மெஷின் பழுது என்று சொல்லிவிட முடியாது. மூன்றும் மூன்று இடத்துச் சூடு. திரையில் வருவது, உள்சுவரில், பெரும்பாலும் பெல்லட் தொட்டி இருக்கும் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பி போன்ற சென்சார் சொல்லும் கணக்கு. மூடியில் உள்ள முள் ஒரு உலோகச் சுருளால் நகர்வது. கறி இருக்கும் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது, மெதுவாகத்தான் அசையும், 15, 20 டிகிரி தள்ளிக் காட்டுவது அதற்குச் சாதாரணம். உங்கள் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எங்கே வைத்தீர்கள் என்று எழுதவில்லை. பெல்லட் எரியும் நெருப்புக் கிண்ணத்துக்கு நேர் மேலே வைத்திருந்தால் 126 வரத்தான் செய்யும்.

நான் பேக்கரி அடுப்புகளுக்குச் சூடு பார்த்துச் சரிசெய்து கொடுக்கிறவன். பழைய விறகு அடுப்பு மாஸ்டர்கள் ஒரு பிடி மைதாவை அடுப்புத் தளத்தில் வீசி, எத்தனை எண்ணுவதற்குள் அது சிவக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பன் தட்டை உள்ளே தள்ளுவார்கள். பன் உட்காரப் போகிற இடத்தின் சூடுதான் அவர்களுக்குக் கணக்கு. உங்களுக்கும் அதுதான். கறி உட்காரும் கம்பியில் என்ன சூடு, அது திரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அந்த வித்தியாசம் நாளைக்கும் அதே அளவில் இருக்குமா? மாறாத வித்தியாசம் பழுதே இல்லை. கழித்துக்கொண்டோ கூட்டிக்கொண்டோ காலம் முழுக்கச் சமைக்கலாம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறினால்தான் கவலைப்பட வேண்டும்.

கிரில்லுக்கு முன்னால் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள். ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு பெரிய டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் கலக்கிவிட்டு, ப்ரோப்பின் (தெர்மாமீட்டர் ஒயரின் முனையில் இருக்கும் உலோகக் குச்சி) நுனியை டம்ளரின் நடுவில், அடியிலும் சுவரிலும் படாமல் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. பலரும் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு கட்டியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் மேலே 0 இருக்கும்போதே அடியில் 4 டிகிரி வரை இருக்கும். மீன் கடை ஐஸும் வேண்டாம். அதில் உப்பு கலந்திருந்தால் 0-க்குக் கீழே இறங்கிவிடும், தெர்மாமீட்டர் மேல் வீண்பழி வரும்.

அப்புறம் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் கொதிக்கும் சூடு 100-க்கு அரை டிகிரிகூடக் குறையாது, 100 என்றே வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் இதே சோதனையைச் செய்தால் 93 டிகிரிதான் வரும். உயரம் 2,100 மீட்டர் இல்லையா. ப்ரோப்பின் உலோகப் பகுதி மட்டும் நீரில் இருக்கட்டும். ஒயர் சேரும் இடத்தில் ஈரம் இறங்கினால் நல்ல ப்ரோப்பும் கண்டபடி காட்ட ஆரம்பித்துவிடும்.

இரண்டிலும் தேறினால் கிரில்லுக்குப் போகலாம். புது மெஷினை முதலில் வெறுமனே அதிகச் சூட்டில் முக்கால் மணி நேரமாவது ஓட்டி, தகட்டில் ஒட்டியிருக்கும் தொழிற்சாலை எண்ணெயை எரித்துவிட வேண்டும். அதைச் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சோதனைக்கு மாலை நேரம் நல்லது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு மூடிக்குக் கீழே, நெருப்பே இல்லாமல் 50 டிகிரிக்கு மேல் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டோடு தொடங்கினால் குறைந்த சூட்டுக் கணக்கெல்லாம் தப்பாகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மெல்லிய மூடியின் சூட்டை அள்ளிக்கொண்டு போக அவ்வளவு காற்றுகூட வேண்டாம். கைப்பிடிச் சுவரை ஒட்டி, காற்று மறைவாக நிறுத்துங்கள். சுவரில் புகை படியாமல் இரண்டடி தள்ளியே இருக்கட்டும்.

உள்ளே கறி எதுவும் வேண்டாம். ஒரு ப்ரோப்பைக் கம்பியின் நடுவில் வையுங்கள், நுனி உலோகத்தில் படக்கூடாது. கிளிப் இல்லையென்றால் பாதி உருளைக்கிழங்கில் குத்தி, நுனி இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால் போதும். இன்னொரு ப்ரோப் இருந்தால் அதைக் கிரில்லின் சொந்த சென்சாருக்கு ஒரு விரல் தள்ளிக் கட்டுங்கள். இரண்டாவது ப்ரோப்தான் உங்கள் மைத்துனருக்கான பதில். அது திரையோடு ஒத்துப்போனால் சென்சாரும் கன்ட்ரோலரும் நன்றாக இருக்கின்றன, நடுவில் தெரியும் வித்தியாசம் இடத்தின் குணம். திரையோடு ஒத்துப்போகாவிட்டால்தான் சென்சார் மேல் சந்தேகம். ஒரே ஒரு ப்ரோப்தான் என்றால் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

110-இல் வையுங்கள். திரை 110-ஐத் தொட்டதும் எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். தகடு, கம்பி, எண்ணெய் வடியும் தட்டு எல்லாம் சூடேற இன்னும் அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் எழுதுங்கள். மூடியை இடையில் திறக்கவே கூடாது.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் மெஷின் என்ன செய்கிறது என்று காதிலேயே கேட்கும். ஆகர் என்கிற திருகுத்தண்டு கரகரவென்று சுற்றும், பெல்லட்டுகள் நெருப்புக் கிண்ணத்தில் டக் டக்கென்று விழும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை கொஞ்சம் தடித்து வரும். அந்த நிமிடத்தில் தெர்மாமீட்டர் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். விழுந்த பெல்லட் தீப்பிடித்த பிறகுதான் ஏற ஆரம்பிக்கும். அதனால் உங்கள் தாளில் இப்படி ஒரு வரிசை வரலாம்: 104, 107, 112, 118, 121, 119, 113, 108, 105. 121-ஐ மட்டும் பார்த்தவர் அதிகம் என்பார், 104-ஐ மட்டும் பார்த்தவர் குறைவு என்பார். ஒன்பதையும் கூட்டி வகுத்தால் 112. திரையில் வைத்ததற்கு 2 டிகிரிதான் அதிகம், அருமையான மெஷின். நேரக்கணக்கில் பெல்லட் தள்ளும் பழைய வகை கன்ட்ரோலரில் 10 டிகிரி மேலும் கீழும் ஆடுவது இயல்பு. சூட்டை விடாமல் பார்த்துப் பெல்லட்டைக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. வகை 5 டிகிரிக்குள் நிற்கும். இரண்டு கிலோ தொடைக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது.

இதையே 150-இலும் 200-இலும் செய்து, மூன்று சராசரியையும் சூடு படாத இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். 110-இல் 4 அதிகம், 200-இல் 15 அதிகம் என்று வந்தாலும் பாதகமில்லை, வேறொரு நாள் சோதித்தாலும் அதே கணக்கு வருகிறதா என்பதைப் பாருங்கள். வராவிட்டால் இந்த வரிசையில் தேடுங்கள்: கிண்ணத்தில் சாம்பல், சென்சார் மேல் புகைக்கரி, ஈரமான பெல்லட். சென்சாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதையும் உறுதி செய்துகொள்ளலாம். பல கிரில்களில் இருப்பது பி.டி.1000 வகை சென்சார், சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சென்சாரைக் கழற்றி அளந்தால், 30 டிகிரியில் 1,117 ஓம் அளவில், 100 டிகிரியில் 1,385 ஓம் அளவில் இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, யாரும் கவனிக்காதது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஆகரைச் சுற்றும் மோட்டாரும் விசிறியும் ஏ.சி. வகையாக இருந்தால் இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் ஓடும். 110, 150 டிகிரியில் கன்ட்ரோலர் கூடுதல் நேரம் பெல்லட் தள்ளிச் சமாளித்துவிடும். 220-க்கு மேல் போகும்போது திணறும். அப்படித் திணறினால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். மோட்டார் லேபிளில் டி.சி. என்று இருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஏ.சி. என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் கிடைக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

கோடையில் 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் பெல்லட்டைப் பற்றவைக்கும் கம்பி தரும் வெப்பம் முக்கால் பங்காகிவிடும். பற்றத் தாமதமாகும், அதற்குள் கிண்ணத்தில் பெல்லட் குவியும், பிறகு மொத்தமாகப் பிடித்துச் சூடு எகிறும். கரண்ட் போனால் விசிறி நின்று, நெருப்பு ஆகர் வழியாகத் தொட்டிப் பக்கம் ஊர்ந்து வரவும் வாய்ப்புண்டு. இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாமல் நீண்ட நேரச் சமையல் வேண்டாம்.

பெல்லட்டை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று ஒடிய வேண்டும், மேலே பளபளப்பு இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் மூட்டையைத் திறந்து வைத்தால் ஊதி மரத்தூளாகிவிடும், எரிவதும் சீராக இருக்காது. மூடி இறுக்கமான டிரம்மில் போட்டு வையுங்கள். விலை குறைவு என்று பாய்லருக்கு விற்கும் பெல்லட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் என்ன மரம், என்ன கழிவு கலந்திருக்கிறது என்று தெரியாது, அந்தப் புகை கறியில் ஏறும். அமெரிக்க மூட்டையில் மெஸ்கீட் என்று போட்டிருந்தால் அது நம் சீமைக்கருவேல மரத்தின் சொந்தக்கார மரம்தான். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டம் போடுகிறார்களே, அதே இனம். வாசனை உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும்.

எந்த இடம் சூடு, எந்த இடம் மந்தம் என்று அறிய ஒரு பாக்கெட் பிரெட் போதும். 180-இல் நிலையாக நின்றதும் கம்பி முழுக்கத் துண்டுகளை அடுக்கி மூடி, ஏழெட்டு நிமிடம் கழித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கருகிய மூலையில் கறியின் எலும்புப் பக்கத்தை வையுங்கள்.

கடைசியாக, கறியோடு அளக்கும்போது. ஊமச்சிகுளம் பக்கம் ஒரு வீட்டில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தொடையை ஒட்டியே ப்ரோப்பை வைத்திருந்தார்கள். அது 92 காட்டியது. சூடு போதவில்லை என்று 20 டிகிரி ஏற்றிவிட்டார்கள், மேலே கருகி உள்ளே வேகாமல் போனது. குளிர்ந்த கறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கும். நாலு விரல் தள்ளி வைத்ததும் ப்ரோப் 109-க்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ப்ரோப் தொடையின் கனமான இடத்தில், எலும்பில் படாமல் இருக்கட்டும். கோழியென்றால் 74 டிகிரி வந்ததும் இறக்கலாம். ஆட்டுத்தொடை நம் வாய்க்கு 90-ஐத் தாண்ட வேண்டும். 65, 70-க்குப் பக்கத்தில் வந்து ஒரு மணி நேரம்கூட நகராமல் நிற்கும். கறியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விப்பதால் வருவது அது. அப்போது திரையையும் தொடாதீர்கள், மூடியையும் திறக்காதீர்கள். தானாக ஏறும். கம்பியால் குத்தினால் இட்லியில் இறங்குவது போல் இறங்கி, எலும்பை அசைத்தால் தனியாக ஆடும்போது எடுத்து, மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டு வெட்டுங்கள்.