சேலத்தைத் தேடினால் ஒரிகான் வருவது ஏன்?

தேடுபொறிகள் உள்ளூர்க்காரருக்கு அயல்நாட்டு விடைகளைக் காட்டுவது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்து விடையளிக்கிறோம்.

கேள்வி: வீட்டு இணைய இணைப்பில் சேலம் பேருந்து நேரம், சேலம் நூலக நேரம் என்று ஆங்கில எழுத்தில் தேடினால், அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் உள்ள சேலத்தின் தகவல்களும் கலந்து வருகின்றன; சில வேளை அவையே முதலில் வருகின்றன. நான் இந்தியாவில் இருப்பது தேடுபொறிக்குத் தெரியாதா? – வாசகர், சேலம்.

பதில்: தெரியும். கூகுளின் முடிவுப் பக்கத்தை அடிவரை நகர்த்திப் பாருங்கள். உங்கள் இருப்பிடமாக அது எதைக் கருதுகிறது என்பதும், அதை ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அறிந்ததா, கருவியிலிருந்து அறிந்ததா, உங்கள் பழைய தேடல்களிலிருந்து ஊகித்ததா என்பதும் அங்கே எழுதியிருக்கும். ஊர் சென்னை என்றோ பெங்களூரு என்றோ தவறியிருக்கலாம். நாடு தவறுவது அரிது.

தேடுபொறி ஒவ்வொரு முறையும் இரண்டு ஊகங்களைச் செய்தாக வேண்டியிருக்கிறது. கேட்பவர் எங்கிருக்கிறார் என்பது ஒன்று. ஒரு பக்கம் எந்த ஊராரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது மற்றொன்று. பிழைகளில் பெரும்பாலானவை இரண்டாவதில்தான் நேர்கின்றன, உங்களுடையதும் அந்த வகையே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரிகானின் தலைநகரான சேலத்தில் 2020 கணக்குப்படி ஏறத்தாழ 1 லட்சத்து 75 ஆயிரம் பேர். 1692-ஆம் ஆண்டின் சூனிய விசாரணைகளால் பெயர்பெற்ற மாசசூசெட்ஸ் சேலத்தில் சுமார் 44 ஆயிரம் பேர் மட்டுமே. ஆனால் தேடுபொறி தலைகளை எண்ணுவதில்லை, பக்கங்களையும் அவற்றை நோக்கி வரும் இணைப்புகளையும் எண்ணுகிறது. கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது 1998-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது: பலர் இணைப்புக் கொடுக்கும் பக்கம் முக்கியமானது, முக்கியமான பக்கம் இணைப்புக் கொடுப்பது அதனினும் முக்கியமானது. அதன்பின் நூற்றுக்கணக்கான அளவுகோல்கள் சேர்ந்துவிட்டாலும், முப்பது ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்து வளர்ந்த அமெரிக்கத் தளங்களுக்கு அந்த முன்தொடக்கம் இன்னும் கைகொடுக்கிறது.

பேருந்து விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரிகான் சேலத்துக்கு வடக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போர்ட்லாண்ட் நகரத்தின் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்துதான், பேருந்து நேரங்களைக் கணினி படிக்கத்தக்க வகையில் எழுதிவைக்கும் வடிவத்தை 2005-இல் உருவாக்கின. இன்று உலகின் பல நகரங்கள் பின்பற்றும் அந்த வடிவம் பிறந்தது அந்தச் சேலத்தின் பக்கத்து ஊரில். நம் பக்கத்தில் பேருந்து நேரங்கள் நிலையத்துச் சுவரிலும், யாரோ எடுத்துப் பகிர்ந்த புகைப்படத்திலுமே பெரும்பாலும் இருக்கின்றன. சுவரிலிருப்பது தேடுபொறிக்கு எட்டாது. அயல்நாட்டுத் தகவல் முண்டியடித்து வந்தது என்பதைவிட, உள்ளூர்த் தகவல் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது என்பதே சரியான விளக்கம் என்று கருதுகிறோம்.

உடனடித் தீர்வு எளிது. 'சேலம்' என்று தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். ஒரிகான் அநேகமாக மறைந்துவிடும். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டுமென்றால் தமிழ்நாடு என்பதையோ, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் போன்ற பகுதிப் பெயரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரிகான் என்ற சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறியை இட்டாலும் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும்.

கேள்வி: கூகுளின் இந்திய முகவரிக்குச் சென்று தேடினால் இந்திய முடிவுகள் மட்டும் வருமா? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: முன்பு அப்படி இருந்தது. 2017 அக்டோபர் முதல், எந்த நாட்டு முகவரியில் நுழைந்தாலும் நீங்கள் இருக்கும் இடத்தை வைத்தே முடிவுகள் தரப்படுகின்றன. 2025 ஏப்ரலில், நாட்டு முகவரிகளுக்கு வருவோரைப் பொதுவான '.காம்' முகவரிக்கே திருப்பி அனுப்பப்போவதாகவும் கூகுள் அறிவித்தது. தேடல் அமைப்புகளில் முடிவுகளுக்கான நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. டக்டக்கோ என்ற மற்றொரு தேடுபொறியில் அந்தத் தெரிவு முடிவுப் பக்கத்தின் மேலேயே கிடைக்கும்.

கேள்வி: மாடித்தோட்டத்தில் தக்காளி எப்போது விதைக்கலாம் என்று தேடினேன். கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் வீட்டுக்குள் விதைக்க வேண்டும் என்கிறது முதல் விடை. மதுரையில் உறைபனிக்கு எங்கே போவது? – வாசகி, மதுரை.

பதில்: உதகைக்குத்தான் போக வேண்டும், அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்மையாகவே விழும். உங்களுக்குக் கிடைத்த விடை அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ முழுக்கச் சரியானது. அது உங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், தேடுபொறி உங்கள் கேள்வியை வகைப்படுத்திய விதம்.

மருந்துக் கடை, உணவகம், சலூன் என்று கேட்டால், கேட்பவரின் ஊரைப் பார்க்க வேண்டும் என்பது தேடுபொறிக்குச் சந்தேகமின்றித் தெரியும். நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டால் ஊர் தேவையில்லை என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில், பொது அறிவுக் கேள்வி போலத் தோற்றமளித்துக்கொண்டு விடையில் மட்டும் ஊருக்கு ஊர் மாறும் கேள்விகள் ஏராளமாக இருக்கின்றன. விதைப்புக் காலம் அவற்றில் ஒன்று. வருமான வரிக் கழிவு, வாடகை ஒப்பந்தம், மின்சாதனத்தின் வோல்ட் அளவு, மருந்தின் பெயர் ஆகியவை மற்றவை. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். நாம் பாரசிட்டமால் என்பதை அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். நெஞ்சுவலி பற்றிய பக்கம் 911-ஐ அழைக்கச் சொல்லும், இங்கே அழைக்க வேண்டியது 108. தோட்டத்தில் தவறு நேர்ந்தால் நாற்று போகும். மற்ற இடங்களில் அவ்வளவோடு நிற்காது.

தமிழில் கேட்டால் தப்பிக்கலாம் என்றும் முழுமையாக நம்ப வேண்டாம். தமிழில் தேடுவோருக்கு ஆங்கிலப் பக்கங்களின் தலைப்பையும் சுருக்கத்தையும் இயந்திரத்தால் மொழிபெயர்த்துக் காட்டும் ஏற்பாடு கூகுளில் இருக்கிறது. பார்வைக்குத் தமிழ்ப் பக்கமாகத் தெரிவது, உள்ளே மிச்சிகன் தோட்டக்காரருக்கு எழுதப்பட்டதாக இருக்கக்கூடும். மொழிபெயர்க்கப்பட்டது என்ற குறிப்பு உடனிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கப் பக்கங்களில் 'மண்டலம் 5', 'மண்டலம் 9' என்று எண் கொடுத்திருந்தால் அதையும் ஒதுக்கிவிடலாம். அந்த மண்டலங்கள் குளிர்காலத்தின் கடுங்குளிரை அளப்பவை. மதுரைச் செடிகளின் கவலை வெயில். 'ஆடிப்பட்டம்', 'நாற்றங்கால்' போன்ற நம் உழவர் சொற்களைச் சேர்த்துத் தேடினால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் போன்றவை மேலே வரும். அந்தச் சொற்கள் அயல்நாட்டுப் பக்கங்களில் இருக்க வழியில்லை.

கேள்வி: எனது மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். கணித வினாத்தாள் என்று தமிழில் தேடினால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு வினாத்தாள்களே வரிசையாக வருகின்றன. எங்களுக்கு அவையும் அயல்நாட்டு முடிவுகள்தானே? – வாசகர், யாழ்ப்பாணம்.

பதில்: ஐயமில்லை. ஒரே மொழி பல நாடுகளில் வழங்கும்போது, பக்கங்கள் அதிகம் உள்ள நாடு மற்றவற்றை மூடிவிடுகிறது. ஒரிகான் எங்கள் சேலத்துக்குச் செய்வதைத் தமிழ்நாடு உங்களுக்குச் செய்கிறது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று ஒரு பக்கம் யாருக்குரியது என்பதைத் தேடுபொறிக்குத் தனித்தனியாகக் குறித்துக் காட்டும் முறை 2011 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் தமிழ்த் தளங்களோ மிகக் குறைவு.

இலங்கைப் பக்கங்கள் பின்தங்குவதற்கு எழுத்துருவும் ஒரு காரணம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஏற்றப்பட்ட ஒரு பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் கிடப்பது பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசைதான்; எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டச்சு செய்து தேடுபவருக்கு அது ஒருபோதும் அகப்படாது. தமிழ்நாட்டிலும் பல எழுத்துரு முறைகளில் இதே அவதி இருந்தது. அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் பழைய கோப்புகள் பல அப்படியே கிடக்கின்றன. வினாத்தாள்களில் கணிசமானவை அச்சுத்தாளைப் படமெடுத்து ஏற்றியவை என்பதால், பெரும்பாலும் கோப்புக்கு இட்ட பெயரை நம்பியே அவை தேடலில் வர வேண்டியிருக்கிறது.

ஆகவே 'பத்தாம் வகுப்பு' என்பதைத் தவிர்த்து, 'க.பொ.த. சாதாரண தரம்', 'கடந்தகால வினாத்தாள்', 'பரீட்சைத் திணைக்களம்' என்று உங்கள் நாட்டு அலுவலகச் சொற்களையே முழுமையாக எழுதுங்கள். தேடற்சொற்களுக்குப் பின் 'சைட்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியின்றி '.எல்கே' என்பதையும் ஆங்கில எழுத்தில் சேர்த்தால், இலங்கைக் குறியீட்டில் முடியும் தளங்கள் மட்டுமே வரும். '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் வழக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு வேறாகத் தேட வேண்டும்.

கேள்வி: புதிய இணைய இணைப்புப் பெற்ற நாளிலிருந்து தேடல் முடிவுகளும் விளம்பரங்களும் ஏதோ ஐரோப்பிய மொழியில் வருகின்றன. கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டதா? – வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: முதலில் உலாவியில், உங்கள் இணைப்பை வேறு நாட்டின் வழியாகச் செலுத்தும் வி.பி.என். ஏதேனும் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்களுக்குக் கிடைத்திருப்பது கைமாறி வந்த ஐ.பி. முகவரியாக இருக்கலாம். மேலே சொன்ன இரண்டு ஊகங்களில் முதலாவது தவறும் அரிய நிகழ்வு இது.

பழைய வகை ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் நாடுகளுக்கு முகவரி வழங்கும், பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் அமைப்பும் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் புதிதாகத் தொழில் தொடங்கும் நிறுவனங்கள், பிற நாட்டு நிறுவனங்களிடம் மிஞ்சியிருந்தவற்றை விலைக்கு வாங்கத் தொடங்கின. நேற்றுவரை ஐரோப்பாவில் இருந்த எண் இன்று கோவைக்கு வந்துவிடும். எந்த எண் எந்த ஊரில் இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கும் தரவுத்தளங்களோ அதை உணர நாளாகும். அந்தப் பட்டியல்கள் எவ்வளவு தோராயமானவை என்பதற்கு அமெரிக்காவில் 2016-இல் வெளிவந்த ஒரு செய்தியே போதும். நாடு மட்டும் தெரிந்து ஊர் தெரியாத 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு, அந்நாட்டின் நடுப்புள்ளி என்று ஒரு தரவுத்தளம் வைத்திருந்த இடம் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணைவீட்டில் போய் விழுந்திருந்தது. இணையக் குற்றவாளிகளைத் தேடிக் காவலர்கள் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கள் முகவரிகள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதை இணைய நிறுவனங்களே வெளியிடுவதற்கான வடிவம் ஒன்று 2020-இல் வகுக்கப்பட்டது. உங்கள் நிறுவனத்திடம் அதைச் செய்யச் சொல்லுங்கள். கூகுளிடம் நேரடியாகத் தெரிவிக்கவும் ஒரு படிவம் உண்டு. அதுவரை உலாவிக்கு இருப்பிட அனுமதி கொடுத்து, மொழியையும் நாட்டையும் அமைப்புகளில் நீங்களே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கேள்வி: மலேசியாவிலிருந்து உறவினர் திருமணத்துக்காகத் தஞ்சாவூர் வந்திருந்தேன். கைபேசியில் எதைத் தேடினாலும் கிள்ளான் கடைகளையே காட்டியது. – வாசகி, கிள்ளான்.

பதில்: மலேசிய சிம் அட்டையிலேயே ரோமிங்கில் இருந்திருப்பீர்கள். ரோமிங்கில் உங்கள் தரவு பொதுவாகச் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றித்தான் இணையத்தை அடைகிறது. வெளியுலகுக்குத் தெரியும் ஐ.பி. முகவரி மலேசியாவுடையதாகவே இருக்கும். இருப்பிட அனுமதி கொடுத்தால் போதும், அல்லது தங்குமிடத்து வைஃபையைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் செய்து விற்கிறோம். எங்கள் '.காம்' தளம் அமெரிக்காவிலிருந்து தேடுவோருக்கு வருகிறது, திருச்சியிலிருந்து தேடுவோருக்கு வரவில்லை. தளம் அமைத்தவர் ஊர்ப்பெயர்க் குறிச்சொற்கள் சேர்க்கக் கூடுதல் கட்டணம் கேட்கிறார். – வாசகர், காரைக்குடி.

பதில்: பக்கம் முழுக்க ஆங்கிலம், விலை டாலரில், தொடர்பு முகவரி ஒரு படத்துக்குள் என்றிருந்தால், இது யாருக்கான கடை என்று தேடுபொறி முடிவெடுக்க உங்கள் தளத்தில் ஒன்றுமில்லை. '.காம்' எந்த நாட்டையும் சுட்டாது, '.இன்' இந்தியாவைச் சுட்டும். அதை மாற்றாவிட்டாலும், ரூபாயில் விலை, எழுத்தாகவே முகவரி, 91-இல் தொடங்கும் தொலைபேசி எண், ஒரு தமிழ்ப் பக்கம் ஆகியவற்றைச் சேருங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணமில்லை. இப்பகுதிச் செய்தித்தளங்களும் கட்டடக் கலைஞர்களும் உங்களுக்குக் கொடுக்கும் இணைப்புகள், தொலைதூர இணைப்புகளைவிட இங்கே அதிகம் பயன்படும். பக்கத்தின் தலைப்பகுதியில் மறைத்து எழுதும் ஊர்ப்பெயர்க் குறிச்சொற்களைத் தான் பொருட்படுத்துவதில்லை என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. அதற்காகக் கேட்கும் கட்டணத்தைக் கொடுக்க வேண்டாம்.