ஆட்டிசமா, வேறு ஏதாவதா?

உங்கள் எட்டு வயது மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறாள், சட்டை லேபிள் உறுத்தினாலே அழுகிறாள், திடீர்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் சிரமம்), ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்), பதற்றம் என எதிலும் இப்படி வரலாம். இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம்.

2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு புலன் உணர்வுச் சிக்கலையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்தது உண்மைதான். ஆனால் பிறருடன் பழகுவதிலும் சிறு வயதிலிருந்தே வித்தியாசம் இருக்க வேண்டும். தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறாளா? தோழி சலித்துப்போனதை முகம் பார்த்துப் புரிந்துகொள்கிறாளா? விளையாட்டின் விதி மாறினால் தாங்க முடியாமல் போகிறதா? பெண் குழந்தைகள் சிலர் மற்றவர்களைப் பார்த்து நடந்து பள்ளியில் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெடிப்பார்கள். அதனால் “இங்கே நன்றாகத்தானே இருக்கிறாள்” என்று டீச்சர் சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

முதலில் காது, கண் பரிசோதனை. அப்புறம் குழந்தை வளர்ச்சி மருத்துவர். வீட்டில் நடப்பதைச் சின்ன வீடியோவாக எடுத்துப் போங்கள், மருத்துவரின் அறையில் எல்லாம் தெரிந்துவிடாது. முடிவு வரட்டும் என்று படிப்புக்கான உதவியைத் தள்ளிப்போட வேண்டாம். பள்ளியில் இப்போதே கேளுங்கள்.