சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் அவர்களிடமிருந்து என்ன கற்றுக்கொள்கிறார்?

முக்கியமாக, பிழைக்குள் இருக்கும் யோசனையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். 'நூற்று இருபத்தைந்து' என்று சொன்னால் சில குழந்தைகள் 100205 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவு அல்ல; காதில் விழுந்த நூறு, இருபது, ஐந்தை அப்படியே வரிசையாக வைத்திருக்கிறார்கள். தமிழில் கூடுதல் சிக்கல்: தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்'! பெரியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பழகிய தெருவில் பெயர்ப்பலகை இல்லாதது, புதியவர் வழி கேட்கும்போதுதானே நமக்குத் தெரிகிறது?

100, 20, 5 என மூன்று அட்டைகளை வலது ஓரம் சேர, பெரியது அடியில் வரும்படி அடுக்கச் சொல்லுங்கள். பூஜ்யங்கள் மறைந்து 125 தெரியும். எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம் வேண்டும், இல்லையென்றால் பொருந்தாது.

சரியாக எழுதினாலே புரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்: 125இல் அந்த 2இன் மதிப்பு என்ன என்று கேட்டால், 'இரண்டு' என்று சொல்லும் குழந்தைகளும் உண்டு.