வெளிநாட்டில் இறங்கியதும் கணக்கு ஏன் பூட்டிக்கொள்கிறது?

தம்பி, அடுத்த மாதம் புறப்படப்போகும் நீங்கள், வாடகை, குளிர் உடுப்பு பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, பழைய வங்கிக் கணக்கையும் அலுவலகக் கோப்புகளையும் வெளிநாட்டிலிருந்து திறக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் வந்த ஒரு வாரத்தில் தானாகவே பிடிபட்டுவிடும். கடைசிக் கேள்விதான் என்னைப் படாதபாடு படுத்தியது.

வந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு முன்பணம் கட்ட வங்கித் தளத்தைத் திறந்தேன். கடவுச்சொல் சரியாக இருந்தும், புதிய இடத்திலிருந்து நுழைவதாகச் சொல்லி, ஓடிபி எண்ணை என் பழைய கைப்பேசிக்கு அனுப்பியது. அந்தச் சிம் கார்டோ ஊரில் வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. எண்ணை மாற்றித் தாருங்கள் என்று தொலைபேசியில் மன்றாடினால், நேரில் கிளைக்கு வாருங்கள் என்பதே பதில். கடல் கடந்து இருப்பவனிடம் அப்படிச் சொன்ன கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாம் இருக்கும் இடத்தை இணையதளங்கள் பெரும்பாலும் நம் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியை வைத்தே கணிக்கின்றன. நாடு பொதுவாகச் சரியாக இருக்கும், ஊர் அடிக்கடி தவறும். நாம் அனுமதித்தால், கைப்பேசிச் செயலிகள் ஜிபிஎஸ், வைஃபை ஆகியவற்றைக் கொண்டு இன்னும் துல்லியமாக அறியும். பூட்டுவதற்குத் திருட்டு பயம் மட்டும் காரணமல்ல. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சில அமெரிக்க நாளிதழ்கள் ஐரோப்பிய வாசகர்களுக்குத் தம் தளங்களையே மூடின. திரைப்படங்களுக்கோ உரிமம் நாடுவாரியாக விற்கப்படுகிறது. சொந்த நாட்டில் சந்தா கட்டிய படத் தளங்களைப் பிற உறுப்பு நாடுகளிலும் பார்க்கலாம் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதிகூடத் தற்காலிகமாகச் சென்றிருப்பவருக்குத்தான். நம்மைப் போல் குடியேறியவருக்கு உதவாது.

நம் இணைப்பை வேறொரு நாட்டுக் கணினி வழியே திருப்பி இடத்தை மறைக்கும் சேவைதான் விபிஎன். பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள்கூட, “விபிஎன் போட்டால் எல்லாம் திறக்கும்” என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு அறவே பிடிக்கவில்லை. பலர் பகிரும் விபிஎன் முகவரியே வங்கியின் சந்தேகத்தைக் கிளப்பக்கூடும். அலுவலகக் கோப்பில் அந்த வேலையைச் செய்தால் விளைவு இன்னும் மோசமாகும்: ஒரே பயனர் அரைமணி நேர இடைவெளியில் இரு நாடுகளிலிருந்து நுழைந்ததாகப் பதிவாகும், வேலைக்கே ஆபத்து வரும். எந்த நாட்டிலிருந்து எதைத் திறக்கலாம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்பே சிம்முக்கு ரோமிங் வசதியைப் போட்டுவிடுங்கள். வெளிநாட்டில் வசிக்கப்போவதை வங்கிக்குத் தெரிவியுங்கள். முடிந்த இடங்களிலெல்லாம் குறுஞ்செய்திக்குப் பதிலாக, 30 விநாடிக்கு ஒருமுறை எண் தரும் அங்கீகாரச் செயலிக்கு மாறுங்கள். அதற்கு இணைய இணைப்பே வேண்டாம். கைப்பேசி இல்லாதபோதும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள். நான் இவற்றை ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் கற்றேன். இன்று எந்த நாட்டில் இறங்கினாலும் என் கணக்குகள் திறக்கின்றன.

என் பழைய சிம், நான்கு வாரம் கழித்து, பயணம் வந்த ஒருவரின் பணப்பைக்குள் மடித்த தாளில் வந்து சேர்ந்தது. அதைக் கைப்பேசியில் செருகிவிட்டு, முதல் குறுஞ்செய்தி வரும்வரை ஜன்னலோரத்தில் நின்றிருந்தேன். அதில் பேசுவதற்கு இப்போது யாரும் இல்லையென்றாலும், அந்த எண்ணுக்கு இன்றும் தவறாமல் பணம் கட்டி வருகிறேன்.