யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு ரேஸ் ஹெட் வாங்கலாமா, இருக்கும் ஹெட்டையே சீவலாமா?

போர்ட் வேலையை (சிலிண்டரில் கலவையும் புகையும் போகும் துளைகளைத் திருத்துவது) முடித்துவிட்டு மிச்சக் காசை வைத்துக்கொண்டு யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிலிண்டரை மேலே மூடுவதுதான் ஹெட். என் ஓட்டு, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஹெட்டுக்குத்தான். ரேஸ் ஹெட் என்று கடையில் தருவதில் பல, கம்பெனி ஹெட்டைச் சீவி பாலிஷ் போட்டவை. ஆனால் அளந்து சீவ வேண்டும்.

எங்கள் கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை, அளக்கச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்ட நண்பன் ஒரு வண்டி தயார் செய்தான். "ஒரு எம்எம் சீவு, பறக்கும்" என்றார்கள் எல்லோரும். 50 எம்எம் போரில் (சிலிண்டரின் உள்விட்டம்) ஒரு எம்எம் என்பது கிட்டத்தட்ட 2 சிசி. ஹெட்டுக்குள் பெட்ரோல் எரியும் குழியான சேம்பர் 12-லிருந்து 10 சிசிக்கு இறங்கினால் கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 9.2-லிருந்து 10.8-க்குப் போய்விடும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் அதே ஒரு எம்எம் குறையும்.

நான் விடவில்லை. பிளக் ஓட்டை வழியாக சால்டரிங் ஈயத்தை ஓரம் வரை விட்டு, கிராங்க் முனையிலுள்ள மேக்னெட்டைக் கையால் சுற்றிப் பிஸ்டனை மேலே ஏற்றி, நசுங்கிய முனையை வெர்னியரில் பார்த்தேன். இடைவெளி 1.6 எம்எம் இருந்தது. ஒரு எம்எம் மிச்சம் இருக்கும்படி 0.6 மட்டும் சீவச் சொன்னேன். "பாயின்ட் ஆறுக்கா தம்பி இத்தனை அளப்பு?" என்றார் லேத் அண்ணன். சீவியதும் சிரிஞ்சில் ஆயில் விட்டு சிசி பார்த்து, கூடுதலாக ஏறிய கம்ப்ரஷனை நடுக்குழியைக் கொஞ்சம் குடைந்து இறக்கினோம். அன்று முழுக்க வண்டி மூச்சுவிடாமல் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு சீவிய இன்னொரு வண்டியின் பிஸ்டன் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது.

என் அளவை அப்படியே எடுக்காதீர்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பிஸ்டன் மூடிய பிறகுதான் அழுத்தமே தொடங்கும். அதை நீங்கள் எவ்வளவு உயர்த்தியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஹெட் மாறும்.

"ஹெட்டைத் தொடாமலே வருஷக்கணக்கா ஓட்டுறேன்" என்று சிலர் வருவார்கள். ஓட்டுங்கள், 11 குதிரைசக்திக்கு அது தாராளம். நான் சொல்வது டிராக் வண்டிக்கு, ரோட்டுக்கு அல்ல.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. ரீல்ஸ்காரர்கள் கையில் சிக்கியதிலிருந்து ஒரு நல்ல கிராங்க் கேட்டால் "ஜப்பான் மால் சார்" என்று வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் சைலன்சர் இல்லாமல் முறுக்குகிறவன் அதைப் பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் போகிறான்.