சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுவிட்டு கோர்ஸைத் தேர்ந்தெடுங்கள்

போன வாரம் திருநெல்வேலி மாவட்டம் சேர்மாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள். பிள்ளைக்குப் பதினோரு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் குனிந்து பையைத் திறந்தாள். அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டார். அந்த மறைவுக்குள் இரண்டு பிஸ்கட்டை எடுத்து, மேஜைக்குக் கீழே குனிந்தபடியே தின்று முடித்தாள். அறையில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

"வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவள யாரு அண்ணாச்சி கெட்டிக்கிடுவா?" என்றார் அம்மா.

அவருடைய அண்ணன் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்த்துவிட்டால் நாலு வருடத்தில் தன் கம்பெனிக்கே இழுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மேனேஜ்மென்ட் சீட். ஹாஸ்டலோடு சேர்த்து மொத்தம் பத்து லட்சம் ஆகும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல் இருக்கிறது, அதை அடமானம் வைப்பதாக ஏற்பாடு. என்னிடம் வந்தது, "சேத்துவிடுங்க, நல்லா வருவா" என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போகத்தான்.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். கவலைப்படாதீர்கள், இந்தக் காலத்தில் இதெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான் என்று. அப்புறம் அந்தப் பிள்ளை ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். கோடு போட்டு, காலை, மதியம், ராத்திரி என்று மூன்று கட்டம். ஒவ்வொரு நாளும் குத்திப் பார்த்த சர்க்கரை அளவு. பொதுத்தேர்வு நடந்த நாட்களில் 260, 290, ஒரு நாள் 310. பரீட்சை முடிந்து பத்து நாள் கழித்து 125, 140, 132. அதே வீட்டுச் சோறு, அதே இன்சுலின், அதே அளவு.

அதற்கு மேல் எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

மனசு பதறும்போது அட்ரினலினும் கார்டிசாலும் சுரந்து, கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். நம் உடம்பு உடனே இன்சுலின் சுரந்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். இவளுக்கு அது ஊசி வழியாகத்தான் வர வேண்டும். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்தும் விடும். நமக்கு வேலையில் டென்ஷன் என்றால் தலைவலி, வீட்டில் ஒரு சண்டை, அதோடு போய்விடும். இவளுக்கு அது அன்றைக்கே நோட்டில் எண்ணாக ஏறும். வருடக்கணக்கில் அந்த எண் இறங்காமல் இருந்தால் கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் அதற்கு விலை கொடுக்கும். என்ன படிக்க வைப்பது என்று யோசிக்கும்போது இதை ஒதுக்கி வைத்துவிட்டு யோசிக்க முடியாது.

"ஒங்க அண்ணன் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுதாரு?" என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்து, "சில நாளு ஒரு மணி ஆயிருமாம்" என்றார். அமெரிக்காக்காரனுக்குப் பகல் என்றால் இவருக்கு ராத்திரி. அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை, உழைத்து முன்னுக்கு வந்தவர். டைப் 1 இருக்கிறவர்கள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் நன்றாகவே பார்க்கிறார்கள், அந்த வேலையை விரும்பிப் போனவர்கள். இவளுக்கு விருப்பம் இல்லை. விருப்பமில்லாத படிப்புக்கு வயலை அடமானம் வைத்து, அதையும் நோயை மறைத்துக்கொண்டு படித்து, மறைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும் என்றால், அந்தத் திட்டம் எனக்குச் சம்மதமில்லை. அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

மறைப்பதால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு பையன், நைட் ஷிப்ட் வேலையில் சேர்ந்தான். சர்க்கரை இருப்பதை ஆபீஸில் மூச்சு விடவில்லை. ஒரு ராத்திரி வேலை மும்முரத்தில் சாப்பாடு தள்ளிப்போய், சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து, நாக்கு குழறி, தள்ளாடியிருக்கிறான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். பக்கத்து சீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்திருந்தால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருப்பார். அவன் பிழைத்தது அதிர்ஷ்டம். அந்த ராத்திரியை வாங்கிக் கொடுத்தது ஆபீஸ் மட்டும் இல்லை, "யார்ட்டயும் சொல்லாத" என்று வீட்டில் சொல்லிக் கொடுத்த பாடமும்தான்.

சரி, பிள்ளை என்ன கேட்கிறாள்? "நீ சொல்லும்மா" என்றதும் முதலில் அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். சர்க்கரைக்காக வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்குப் போவாளாம். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்த பிறகு விழித்திரையைப் படம் எடுப்பார்கள். போன முறை எடுத்தவர் திரையைத் திருப்பி இவளுக்கே காட்டியிருக்கிறார். "நம்ம ஆறும் வாய்க்காலும் மாதிரி செவப்பா கிளை கிளையா ஓடுது சார். அது என் கண்ணு. அதப் பாத்து எனக்கு ஒண்ணும் இல்லன்னு அந்த அக்கா சொன்னாவ. அந்த வேலைய நான் பாக்கணும்." ஆறு வருடம் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை, எதிர் நாற்காலியைக் கேட்கிறாள்.

டாக்டர், நர்ஸ், டீச்சர் எல்லாம் நீங்கள் அறிந்த பாதைகள், அவற்றை விட்டுவிடுகிறேன். இவள் கேட்பதற்கு ஆப்டோமெட்ரி என்று பெயர். படிப்பு பி.ஆப்டம். சில வருடம் வகுப்பு, அதற்குப் பிறகு ஒரு வருடம் கண் ஆஸ்பத்திரியில் பயிற்சி.  தமிழ்நாட்டில் பாராமெடிக்கல் கவுன்சலிங்கில் பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுத்துவந்தார்கள், இந்த வருடத்து விதியை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூரில் இந்தப் பெயரைச் சொன்னால் "கண்ணாடிக் கடையில நிக்கவா?" என்று கேட்பார்கள். இவள் அப்பாவும் கேட்டார். அதனால் அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இருட்டறையில் ஒரு வயசாளி உட்கார்ந்திருக்கிறார். ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியால் அவர் கண்ணுக்குள் ஒரு கோடு வெளிச்சத்தை அசைத்து விடுவார்கள். உள்ளே தெரியும் சிவப்பு ஒளி, கோட்டோடு சேர்ந்து நகர்கிறதா, எதிர்ப்பக்கம் நகர்கிறதா என்பதை வைத்து பவர் பிளஸ்ஸா மைனஸா என்று பிடித்துவிடலாம். நோயாளி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேசத் தெரியாத குழந்தைக்கும் இப்படித்தான் பவர் பார்க்கிறார்கள். அப்புறம் கனமான சோதனை ஃபிரேமை மாட்டி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு எடுத்து, "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா" என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு முடிவுக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் தப்பான பவர் எழுதிவிடுவோம், தாத்தாவுக்குப் படி இறங்கும்போது தரை தூக்கி அடிக்கும். கண் அழுத்தம் பார்ப்பது, விழித்திரையைப் படம் எடுப்பது, மாறுகண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, பார்வை பெரும்பாலும் போனவர்களுக்கு மிச்சப் பார்வையில் எழுத்துப் படிக்கக் கருவி கொடுப்பது எல்லாம் இதற்குள் வரும். ஆபரேஷன் கிடையாது, அது கண் டாக்டர் வேலை.

சர்க்கரை பெருகப் பெருக, விழித்திரை பாதிப்பைச் சீக்கிரமே கண்டுபிடிக்க ஆள் வேண்டும். ஊசி போட்டு வாழும் ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்து, "இப்பவே டாக்டரைப் பாத்துருங்க, தள்ளிப்போடாதீங்க" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் மாமா கம்பெனியைவிடக் குறைவாக இருக்கும். காலையில் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரியும், காத்திருப்பவர்கள் சத்தம் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வேனில் போக வேண்டி வரலாம். மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் ஆபத்து இங்கேயும் உண்டு. ஆனால் பெரும்பாலும் இது பகல் வேலை, உட்கார்ந்து பார்க்கும் வேலை, ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இரண்டு நிமிடம் எடுத்துக் குத்திப் பார்க்க முடிகிற வேலை.

உடம்பு முடியாதவர்கள் மருத்துவத் தொழிலில் நிற்க முடியுமா என்று கேட்டார் அப்பா. வடமலாபுரத்தைச் சொன்னேன். எட்டயபுரம் பக்கத்துக் கிராமம். 1918இல் அங்கே பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. பிரசவம் பார்க்க முடியாது என்றதும் கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது. அவர் தன் கையை மறைத்துக்கொண்டு வேலை பார்க்கவில்லை. கைக்குத் தகுந்த மாதிரி வேலையையும் கருவியையும் திருத்திக்கொண்டார்.

பணத்துக்கு வருவோம். ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு நாலு வீதம் மாதம் 2,400. இந்தச் செலவு இவள் இருக்கும்வரை இருக்கும். இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆயுள் முழுக்க மருந்துச் செலவு உள்ள பிள்ளையைக் கடனோடு வேலைக்கு அனுப்பக் கூடாது. கடன் இருந்தால் உடம்பு கேட்காத வேலையையும் விட முடியாது. வயலைத் தொடாதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன். அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிற வரைக்கும் பாருங்கள். தனியார் கல்லூரி என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, பயிற்சிக்கு உண்மையிலேயே கண் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரே வருடத்தில் ஆப்டோமெட்ரி என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்துக்குள் நுழையவே வேண்டாம்.

வேலைக்குப் போன பிறகு செய்ய வேண்டியதை அந்தப் பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். சேர்ந்த முதல் வாரமே மேலே இருப்பவர் ஒருத்தரிடமும் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒருத்தரிடமும் சொல்லிவிடு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் டைப் 1 சர்க்கரை இல்லை, அதனால் அந்தச் சட்டத்தைக் காட்டி இடைவேளை கேட்க முடியாது. வாயைத் திறந்து நீதான் கேட்டு வாங்க வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடியும் குத்திப் பார்ப்பது என்ற கணக்கை அவர்களுக்கும் சொல்லிக் கொடு. நம்மூர்க்காரர்கள் பாசத்தில் அல்வாவை எடுத்து ஊட்டுவார்கள். அதில் இருக்கும் நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், அந்த நேரத்துக்கு அது உதவாது. குளுக்கோஸ் பவுடர்தான் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் இன்சுலினை வண்டிப் பெட்டிக்குள் வைக்காதே. கரண்டு போனால் வீட்டில் ஈர மணலுக்கு நடுவில் வைத்த மண்பானை போதும், ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதே. வேலையில் மனசு கொதித்த நாளை நோட்டில் ஒரு புள்ளி வைத்துக் குறி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகும்போது அந்தப் புள்ளிகளைக் காட்டு.

கிளம்பும்போது அம்மா கேட்டார், "அண்ணன்கிட்ட யாரு சொல்லுதது?" நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றேன். கல்யாணப் பேச்சுக்கும் அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன்: மறைத்துக் கெட்டிக் கொடுத்தால், மாமியார் வீட்டிலும் இவள் மேஜைக்குக் கீழேதான் பிஸ்கட் தின்ன வேண்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அப்பாவும் மகளும் ஒரு நாள் காலை ஏழரைக்கே ஏதாவது ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய், புறநோயாளிப் பிரிவு பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கே பவர் பார்க்கும் பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சாப்பிட எழுந்து போகிறார்கள் என்று அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும்.